முப்பத்தஞ்சு வயசுல வந்த அழைப்பு

தம்பி, தங்கைகளே,

நம்ம கெடாவில் காற்பந்துதான் எல்லாம். பீடோங் தோட்டத் திடலோ, சுங்கைப்பட்டாணி பள்ளித் திடலோ, சாயங்காலம் ஆனா பந்து உருளும். இருந்தாலும் இந்த முறை நான் ஒரு கிரிக்கெட் ஆட்டக்காரரைப் பற்றி எழுதுகிறேன். குழுவில் இடம் கிடைக்கவில்லை என்று இருபத்திரண்டு வயதிலேயே காலணியைத் தூக்கிப் பரண்மேல் போடும் பிள்ளைகளை நான் நிறையப் பார்க்கிறேன். அவர்கள் ஜசு பட்டேலைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1924 நவம்பர் 26இல் அகமதாபாத்தில் பிறந்தவர். பத்து வயசுல மரத்திலிருந்து விழுந்து கையில் அடிபட்டது. அதனால் பந்து வீசும்போது கை வெட்டி வெட்டித்தான் வரும். பார்க்க அழகா இருக்காது. அந்தக் கையை வைத்துக்கொண்டே சுழல்பந்து வீசிப் பழகினார். குஜராத் குழுவுக்கு ஆடினார். 1955இல் பாகிஸ்தானுக்கு எதிராக இந்தியக் குழுவில் முதல் வாய்ப்பு கிடைத்தது. மொத்தம் நாலு டெஸ்ட் ஆடினார், பிறகு இடம் போய்விட்டது. அவர் வீட்டில் முடங்கவில்லை. குஜராத்துக்காக வீசிக்கொண்டே இருந்தார்.

1959இல் ரிச்சி பெனோ தலைமையில் ஆஸ்திரேலியா இந்தியா வந்தது. அதுவரை இந்தியா அவர்களை ஒருமுறைகூட வென்றதில்லை. டெல்லியில் நடந்த முதல் ஆட்டத்திலும் படுதோல்வி. அடுத்த ஆட்டம் கான்பூரில். அங்கே ஆடுகளத்தில் புதிதாகப் புல்தரை போட்டிருந்தார்கள். இந்தத் தரைக்கு ஜசுதான் சரி என்று தேர்வுக்குழுத் தலைவர் லாலா அமர்நாத் பிடிவாதமாக நின்றார். அப்போது ஜசுவுக்கு 35 வயது.

முதலில் ஆடிய இந்தியா 152 ஓட்டங்களில் சுருண்டது. கதை முடிந்தது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். ஜசு பந்தைக் கையில் எடுத்தார். ஆஸ்திரேலியாவின் பத்து விக்கெட்டில் ஒன்பது அவருக்கு, 69 ஓட்டங்கள் கொடுத்து! இரண்டாம் இன்னிங்சில் இன்னும் ஐந்து. 225 எடுத்தால் வெற்றி என்று இறங்கிய ஆஸ்திரேலியா 105இல் அடங்கியது. 119 ஓட்டத்தில் இந்தியா வென்றது.

தொடரை ஆஸ்திரேலியாதான் 2–1 என்று கைப்பற்றியது. அந்தத் தொடரோடு ஜசுவின் டெஸ்ட் வாழ்க்கையும் முடிந்தது. மொத்தம் 7 டெஸ்ட், 29 விக்கெட். அதில் 14 அந்த ஒரே ஆட்டத்தில் எடுத்தவை. 1960இல் விஜய் ஹசாரேயோடு அவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஒரே இன்னிங்சில் 9 விக்கெட்டுக்கு 69 என்ற அவர் கணக்கை, 1999இல் அனில் கும்ப்ளே பத்து விக்கெட்டும் எடுத்த பிறகுதான் ஓர் இந்தியர் தாண்டினார். அதைப் பார்க்க ஜசு இல்லை. 1992 டிசம்பர் 12இல் அவர் காலமாகிவிட்டார்.

முயற்சி செய்தால் எல்லாம் கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஜசுவுக்கும் ஏற்ற தரை அமைய வேண்டியிருந்தது. நம்பிக் கூப்பிட ஒருவர் வேண்டியிருந்தது. அவை இரண்டும் நம் கையில் இல்லை. கூப்பிடும் நாளில் கை பழக்கம் விட்டுப்போகாமல் இருப்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. மூன்று வருஷம் யாரும் கூப்பிடாதபோதும் ஜசு அதை விடவில்லை. ஆகவே தம்பிகளே, தங்கைகளே, காலணியைப் பரணிலிருந்து இறக்குங்கள். இந்த வயசுக்கு அங்கே அதற்கு வேலை இல்லை.