25 வயதில் வெள்ளைச் சேலை உடுத்திய கே.பி. சுந்தராம்பாள்

ஈரோட்டில் இருந்து கரூர் செல்லும் ரயில் பாதையில், காவிரிக் கரையில் உள்ள ஊர் கொடுமுடி. தேவாரப் பாடல் பெற்ற தலம். இந்த ஊரின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்து நாடு முழுவதும் கொண்டு சென்றவர், கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள்.

1908-ம் ஆண்டு பிறந்தவர். சிறு வயதிலேயே வீட்டில் வறுமை சூழ்ந்து விட்டது. தாய் பாலாம்பாள் பிள்ளைகளை வைத்துக் கொண்டு பட்ட பாடு கொஞ்சம் அல்ல. சுந்தராம்பாளிடம் இருந்த சொத்து குரல் ஒன்றுதான். ஓடும் ரயிலில் பாடினார். கேட்டவர்கள் காசு கொடுத்தார்கள்.

ரயிலில் கிடைத்த வாழ்வு

அப்படி ஒரு நாள் அந்தப் பாட்டைக் கேட்டவர் எப்.ஜி. நடேச அய்யர். இவர் தென்னிந்திய ரயில்வேயில் உத்தியோகம் பார்த்தவர். நாடகப் பித்தர். 1914-ல் திருச்சியில் ரசிக ரஞ்சன சபாவை ஏற்படுத்தியவர். பிற்காலத்தில் சூப்பர் ஸ்டாராகத் திகழ்ந்த எம்.கே. தியாகராஜ பாகவதரைச் சிறுவனாக மேடை ஏற்றியவரும் இவரே. பிச்சைக் காசுக்குப் பாடும் பெண்ணின் குரலில் இருந்த கனத்தை அவர் காது கண்டு கொண்டது. ரயில்வே அலுவலகக் கோப்புகளில் புதைந்து போயிருக்க வேண்டிய மனிதர், தமிழ்க் கலைக்கு இரண்டு பெரும் குரல்களைத் தேடித் தந்தார் என்பது சாதாரணச் செய்தி அல்ல.

வேலு நாயர் நாடகக் கம்பெனியில் சுந்தராம்பாள் சேர்ந்தார். ஆரம்பத்தில் ஆண் பிள்ளை வேடங்கள். பிறகு கதாநாயகி.

இன்றைய வாசகர்களுக்கு அந்த நாடகம் எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டும். அதற்கு "ஸ்பெஷல் நாடகம்" என்று பெயர். வெவ்வேறு ஊரில் இருக்கும் நடிகர்களை ஓர் இரவுக்கு மட்டும் பேசி வரவழைப்பார்கள். ஒத்திகை கிடையாது. வள்ளி திருமணம் என்றால், வேலனும் வள்ளியும் மேடையில்தான் சந்திப்பார்கள். அவர் ஒரு பாட்டுப் பாடினால் இவர் எதிர்ப்பாட்டுப் பாட வேண்டும். தர்க்கம் விடிய விடிய நடக்கும். மைக் கிடையாது. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் ஒவ்வொரு எழுத்தும் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் அவன் சும்மா இருக்க மாட்டான்!

சாதாரணமாகப் பெண்கள் எட்டாத சுருதியில், ஆண் நடிகர்களுக்குச் சமமாக நின்று பாடினார் சுந்தராம்பாள்.

கொழும்பில் சந்திப்பு

அதே காலத்தில் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவின் குரல் தமிழ்நாட்டைக் கட்டி ஆண்டது. 1926-ல் கொழும்பில் இருவரும் ஒரே மேடையில் நடித்தார்கள். கிட்டப்பாவோடு நின்று பாடி எந்தப் பெண் தாங்குவாள் என்று பேசிக் கொண்டிருந்தவர்கள் வாயை மூடிக் கொண்டார்கள். கிட்டப்பாவின் அண்ணன் காசி அய்யர் ஆர்மோனியம் வாசிக்க, இந்த ஜோடி ஊர் ஊராகச் சென்றது. கொட்டகைகள் நிரம்பின.

மேடை ஜோடி 1927-ல் வாழ்க்கையிலும் ஜோடி ஆனது. கிட்டப்பாவுக்கு முன்பே மணமாகி இருந்தது. இருவரும் வேறு வேறு சாதி. எதிர்ப்புக்குக் கேட்க வேண்டுமா?

இந்த வாழ்க்கை நிம்மதியாக இல்லை. பிறந்த குழந்தை தங்கவில்லை. கிட்டப்பாவின் உடல்நலமும் கெட்டது. பிரிவும் வந்தது. கணவருக்கு சுந்தராம்பாள் எழுதிய கடிதங்கள் பின்னாளில் அச்சில் வெளிவந்தன. ஆயிரக்கணக்கானோரைக் கட்டிப் போட்ட அந்தப் பெண், ஒருவருடைய அன்புக்காக எப்படி ஏங்கினார் என்பதை அவற்றில் காணலாம். கோபம் இருக்கிறது, மன்றாடல் இருக்கிறது, சுயமரியாதையும் இருக்கிறது.

1933 டிசம்பர் 2-ந்தேதி கிட்டப்பா இறந்தார். அவருக்கு வயது 27. சுந்தராம்பாளுக்கு 25.

சபதம்

அன்று வெள்ளைச் சேலை உடுத்தினார். நகைகளைக் கழற்றினார். இனி எந்த ஆணுடனும் ஜோடியாக நடிப்பதில்லை என்று சபதம் செய்தார். ஒரு நடிகைக்கு இது தொழிலையே விடுவதற்குச் சமம். காதல் காட்சி இல்லாத நாடகம் எத்தனை?

சில காலம் வீட்டோடு இருந்தார். தேசிய இயக்கமே அவரை வெளியே கொண்டு வந்தது. தீரர் சத்தியமூர்த்தியின் தூண்டுதலால் காங்கிரஸ் மேடைகளில் பாடினார். தலைவர்கள் பேசும் முன்பு சுந்தராம்பாள் பாட்டு என்றால், கூட்டம் தானாகச் சேரும். காந்தியடிகள் கொடுமுடிக்கு வந்தபோது, அவருக்கு உணவு பரிமாறிய தங்கத் தட்டையும் சுந்தராம்பாள் சேர்த்தே கொடுத்து விட்டார் என்று சொல்வார்கள்.

1935-ல் "நந்தனார்" படத்தில் நடிக்க அழைப்பு வந்தது. மறுத்தார். விடவில்லை. ஆளை விட்டால் போதும் என்று ஒரு லட்சம் ரூபாய் கேட்டாராம். தயாரிப்பாளர் அசன்தாஸ் சம்மதித்து விட்டார்! ஒரு பவுன் முப்பது ரூபாய்க்கும் குறைவாக விற்ற காலம் அது. சபதத்துக்குப் பங்கம் வராமல் ஆண் வேடமாகிய நந்தனாராகவே நடித்தார். சங்கீத வித்வான் மகாராஜபுரம் விசுவநாதய்யர் வேதியராக நடித்தார். படத்தைக் கல்கி கிண்டல் செய்து எழுதினார். ஆனாலும் பாட்டுகள் பிழைத்தன.

1940-ல் "மணிமேகலை". காதலனை ஒதுக்கித் துறவு பூண்ட பெண்ணின் கதை.

ஔவையார்

பிறகு 13 ஆண்டு இடைவெளி. 1953-ல் ஜெமினி எஸ்.எஸ். வாசனின் "ஔவையார்". கொத்தமங்கலம் சுப்பு டைரக்ட் செய்தார். யானைக் கூட்டம் கோட்டையை இடிக்கும் காட்சியைப் பார்க்க மக்கள் திரண்டது உண்மை. ஆனால் படத்தைத் தாங்கியது கோலூன்றி நின்ற 45 வயதுப் பெண்மணிதான். எந்த விதவைக் கோலம் கதாநாயகி வேடத்துக்குத் தடையாக இருந்ததோ, அதுவே அவரைத் தமிழர்களின் பாட்டி ஆக்கியது. ஔவை என்றால் இன்றைக்கும் மனதில் தோன்றுவது அவர் முகமே.

இதே காலத்தில் சென்னை மேல்சபையிலும் அங்கம் வகித்தார். திரையுலகில் இருந்து சட்டமன்றம் சென்ற முதல் பெண்மணி என்று அவரைச் சொல்வது உண்டு.

காங்கிரஸ்காரரான அவர், 1964-ல் மு. கருணாநிதியின் "பூம்புகார்" படத்தில் கவுந்தி அடிகளாக நடித்தார். கட்சி வேறு, கலை வேறு என்ற பக்குவம் இரு பக்கமும் இருந்தது.

1965-ல் ஏ.பி. நாகராஜனின் "திருவிளையாடல்". பழம் கிடைக்காத கோபத்தில் மலை ஏறிய முருகனை ஔவை சமாதானப்படுத்தும் பாட்டு, தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டி வாழ்கிறது. ஓசூரைக் கடந்து அத்திபெலே, பெங்களூர் என்று கன்னட மண்ணில் தமிழர் வாழும் தெருக்களில், கிருத்திகை அன்று ஒலிபெருக்கி கட்டினால் அந்தக் குரலைக் கேட்கலாம். அவர் நடித்த நாடகத்தைப் பார்த்தவர்கள் இன்று இல்லை. தொலைக்காட்சியில் ஔவையைப் பார்த்து வளர்ந்த பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சாண்டோ சின்னப்பா தேவரின் "துணைவன்" (1969) படத்தில் பாடியதற்காக, சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது. அப்போது அவருக்கு 60 வயது கடந்து விட்டது. 1970-ல் "பத்மஸ்ரீ" பட்டம். 1973-ல் "காரைக்கால் அம்மையார்". சம்பாதித்த பணத்தில் கொடுமுடியில் சினிமா கொட்டகை ஒன்றும் கட்டினார்.

1980-ம் ஆண்டு சென்னையில் காலமானார். கிட்டப்பா இறந்த அன்று உடுத்திய வெள்ளைச் சேலையை, 47 ஆண்டுகள் அவர் மாற்றவே இல்லை.