ஆசிரியரை மறுத்த மாணவர்

கிரேக்க நாட்டின் வடபாலுள்ள ஸ்தாகிரா என்னும் ஊரில் கி. மு. 384-ஆம் ஆண்டில் அரிஸ்டாட்டில் பிறந்தார். தந்தையார் நிக்கோமாக்கஸ் மாசிடோனிய மன்னரின் மருத்துவர். அரிஸ்டாட்டில் தம் பதினேழாம் வயதில் ஏதென்ஸ் நகரஞ் சென்று, பிளேட்டோவின் கல்விக் கழகத்தில் இருபது ஆண்டுகள் பயின்றார்.

பிளேட்டோ கவிதையின் இனிமையை நன்கறிந்தவர். அறிந்தே அதனை அஞ்சினார். உலகப் பொருள்கள் மெய்ப்பொருளின் சாயல்; கவிதை அச்சாயலின் சாயல்; அவல நாடகமோ அழுகையை வளர்த்து மன உறுதியைக் குலைக்கும். ஆதலின், தெய்வ வாழ்த்தும் சான்றோர் புகழுமன்றிப் பிற கவிதைக்கு நன்னாட்டில் இடமில்லை என்பது அவர் கொள்கை.

மாணவர் மனம் இதற்கு இசையவில்லை. வரலாறு நிகழ்ந்ததைக் கூறும்; கவிதை நிகழத்தக்கதைக் கூறி, யாவர்க்கும் பொதுவாகிய உண்மையை உணர்த்தும் என்றார். கொடியவனாகாத ஒருவன் தன் பிழையொன்றால் வீழக் காணுங்கால் இரக்கமும் அச்சமும் எழுகின்றன. எழுந்த அவை தூய்மையுறுகின்றன. இதற்குச் சோபாக்ளிஸ் இயற்றிய ஈடிப்பஸ் நாடகத்தைச் சிறந்த சான்றாகக் கொண்டார். கவிதையியல் என்னும் அச்சிறு நூலில் ஆசிரியரைப் பெயர் சுட்டி அவர் பழிக்கவில்லை.

இளவரசர் அலெக்சாந்தருக்குக் கல்வி புகட்டிய பின்னர், கி. மு. 335-இல் ஏதென்ஸில் லைசியம் என்னுங் கழகத்தை நிறுவினார். கி. மு. 323-இல் அலெக்சாந்தர் இறந்ததும், மாசிடோனியரை வெறுத்தோர் இவர்மீது தெய்வநிந்தைக் குற்றஞ் சாட்டினர். கால்கிஸ் நகர்க்கு அகன்று, மறு ஆண்டில் ஆங்கே உயிர் நீத்தார்.

ஆசிரியரிடத்து அன்பு குன்றாமல், அவரினும் உண்மையைப் பெரிதாகக் கொண்ட இம் மாணவர் மாணவர்க்கெல்லாம் நல்லாசிரியர் அன்றோ!