ஓரத்தில் நின்ற ஆசிரியர்



ஏற்காட்டில் மாலை மூடுபனி இறங்கிய பிறகும் பள்ளி மைதானங்களில் பிள்ளைகள் பந்தை விடுவதில்லை. ஓரத்தில் நின்று குரல் கொடுக்கும் பயிற்சியாளரை நாம் அவ்வளவாகக் கவனிப்பதும் இல்லை. அப்படி ஓரத்தில் நின்ற ஒருவர்தான் சையது அப்துல் ரஹீம்.

1909-இல் பிறந்த அவர், ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1950 முதல் அந்நகரக் காவல்துறை அணிக்கும், பின்னர் இந்திய அணிக்கும் பயிற்சி அளித்தார். 1951-இல் டெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம் கிடைத்தது. மறு ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று படுதோல்வி. நம் வீரர்கள் பலர் வெறுங்காலுடன் ஆடிய காலம் அது. அவர் துவண்டுவிடவில்லை. வீரர்கள் காலணி அணிந்தார்கள், ஆட்டமுறையும் மாறியது. 1956-இல் மெல்போர்னில் இந்தியா நான்காம் இடம் பெற்றது.

1962, ஜகார்த்தா. ரஹீமின் உடலைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. இறுதிப் போட்டியில் அரங்கமே நம் அணிக்கு எதிராகக் கூச்சலிட்டது. உடல்நலம் குன்றியிருந்த பீட்டர் தங்கராஜை அவர் கோல் காக்க நிறுத்தினார். தலையில் தையலோடு இருந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை முன்வரிசைக்கு அனுப்பினார். ஜர்னைல் ஒரு கோல் அடித்தார். தென் கொரியாவை 2-1 என்று வென்றோம். ஒன்பது மாதங்களில், 1963 ஜூன் 11 அன்று, ரஹீம் கண்மூடினார். அதன்பின் ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் நமக்குத் தங்கம் கிடைக்கவில்லை.

காயம்பட்டவரை அவர் ஒதுக்கவில்லை. வேறோர் இடம் கொடுத்தார். தோற்றுத் திரும்பும் நம் பிள்ளைக்கு நாம் என்ன இடம் கொடுக்கிறோம்? சிந்திப்போம்.