யார் பெருசு? ஏ.பி.நாகராஜன் வாழ்நாள் முழுக்கக் கேட்ட கேள்வி!

ஏ.பி.நாகராஜன் இயக்கியதில் பெஸ்ட் படம் எது? இந்த ஒரு கேள்வியை உங்க ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல போட்டுப் பாருங்க. அப்பா 'தில்லானா மோகனாம்பாள்'னு டைப் பண்ணுவார். பாட்டி வாய்ஸ் நோட்ல 'திருவிளையாடல்'னு அடிச்சுச் சொல்வாங்க. சிவாஜி ரசிகரான பெரியப்பா 'நவராத்திரி'க்குக் குறைஞ்சு பேசவே மாட்டார். நீங்க? தருமி மீமை மட்டும் ஒண்ணு தட்டிவிட்டுட்டு நைசா வெளியே வந்துடுவீங்க. சண்டை மட்டும் ராத்திரி வரைக்கும் ஓடும்.

இந்தச் சண்டைக்குத் தீர்ப்பு சொல்லணும்னா, நாம ஆரம்பிக்க வேண்டிய இடம் கோடம்பாக்கம் இல்லை, பழனி!

மலைக்கு மேல ஒரு கோபக்காரப் பையன்

கொடைக்கானலுக்கு டூர் போயிருப்பீங்க. ஏரி, பில்லர் ராக்ஸ், ஹோம் மேட் சாக்லேட்னு ரவுண்டு அடிச்சிட்டு, குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்கும் போயிருப்பீங்க. மேகம் விலகின நாள்ல அங்கிருந்து கீழே பார்த்தா பழனி மலை தெரியும். மொத்த மலைத்தொடருக்கும் பெயர் கொடுத்ததே அந்தச் சின்னக் குன்றுதான். கொடைக்கானலிலிருந்து மலைப்பாதையில் இறங்கினால் 65 கிலோமீட்டர் தூரத்தில் அடிவாரம் வந்துவிடும்.

அந்தக் குன்றுக்கு ஒரு கதை இருக்கு. உங்களுக்கே தெரிஞ்ச கதைதான். ஒரே ஒரு மாம்பழம், ரெண்டு பிள்ளைங்க. உலகத்தை யார் முதலில் சுற்றி வருகிறார்களோ அவர்களுக்கே பழம் என்று போட்டி. தம்பி மயிலேறிப் பறக்கிறான். அண்ணனோ அப்பா அம்மாவைச் சுற்றி வந்து பழத்தை வாங்கிக்கொள்கிறான். தோற்ற தம்பி எல்லாத்தையும் உதறிட்டு, கோவணத்தோட இந்த மலைக்கு வந்து நின்னுட்டான்.

யோசிச்சுப் பாருங்க... பழனிங்கறது ரேங்க் லிஸ்ட்ல ரெண்டாவதா வந்த ஒரு பையனோட முகவரி!

1965-ல் வந்த 'திருவிளையாடல்' தொடங்குவதே இந்தப் போட்டியில்தான். கோபித்துக்கொண்டு போன முருகனைச் சமாதானப்படுத்த ஒளவையாராக வருகிறார் கே.பி.சுந்தராம்பாள். பின்னாலேயே தாய் பார்வதி வந்து, மகனின் கோபம் தணிய சிவனின் விளையாடல்களைக் கதை கதையாகச் சொல்கிறார். தருமி, ஹேமநாத பாகவதர், மீனவப் பெண் கயற்கண்ணி என்று நாம கொண்டாடுற அத்தனை பேரும் அந்தக் கதைகளுக்குள்ளேதான் வர்றாங்க. அதாவது மொத்தப் படமும், வீட்டை விட்டுப் போன ஒரு பிள்ளையைத் திரும்பக் கூப்பிடுவதற்காக அம்மா சொல்ற கதை.

குப்புசாமி நாகராஜன் ஆன கதை

இந்தப் படத்தை எடுத்தவரும் சின்ன வயசிலேயே வீட்டை விட்டு வந்தவர்தான். 1928 பிப்ரவரி 24-ல் சங்ககிரி பக்கம் அக்கம்மாபேட்டையில் பிறந்தவருக்கு வீட்டில் வைத்த பெயர் குப்புசாமி. பெற்றோரை இழந்த பையனைப் பாட்டிதான் வளர்த்தார். பத்து வயதுவாக்கில் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். நாகராஜன் என்ற பெயர் நாடக மேடையில் கிடைத்ததுதான்.

அந்தக் கால பாய்ஸ் கம்பெனி எப்படி இருக்கும்னு தெரியுமா? சாப்பாடு, தூக்கம், பாடம், பாட்டு எல்லாமே கம்பெனியிலதான். பெண் வேஷங்களையும் பையன்களேதான் போடணும். நாகராஜன் போட்டதும் பெண் வேஷங்கள்தான். குரல் உடைஞ்சா வேஷம் போயிடும். உங்களைவிட நல்லாப் பாடுற பையன் ஒருத்தன் வந்துட்டா உங்க இடம் போயிடும். யார் பெருசு, யார் முதல் என்ற கேள்வியோடு தினமும் விடியும் வாழ்க்கை அது. பிறகு சக்தி நாடக சபாவில் இருந்தபோது கூட நடித்தவர்களில் ஒருவர் சிவாஜி கணேசன்.

பின்னாளில் அவர் தொடங்கிய சொந்தக் குழுவின் பெயர் என்ன தெரியுமா? பழனி கதிரவன் நாடக சபா. பெயரிலேயே பழனி! அவர் எழுதிய 'நால்வர்' நாடகம் 1953-ல் படமானபோது கதாநாயகனும் அவரே. ஆனால், ஹீரோவாக நீடிக்கவில்லை, பேனா கைகொடுத்தது. 'மக்களைப் பெற்ற மகராசி'யில் சிவாஜியைக் கொங்குத் தமிழ் பேச வைத்தது அந்தப் பேனாதான். கே.சோமு இயக்கிய 'சம்பூர்ண ராமாயணம்' படத்துக்கும் அவரே எழுதினார். 1962-ல் 'வடிவுக்கு வளைகாப்பு' மூலம் இயக்குநரானார்.

எல்லாப் படத்துலயும் ஒரு போட்டி!

இப்போ உங்க குரூப்ல அடிபடுற படங்களை ஒண்ணொண்ணா எடுத்துக்கோங்க. ஒரு விஷயம் பளிச்சுனு தெரியும்.

'திருவிளையாடல்'ல மாம்பழப் போட்டிக்குப் பிறகு வர்ற தருமி கதை, ஒரு பாட்டில் பிழை இருக்கா இல்லையாங்கற விவாதம். பரிசை நம்பி வந்த ஏழைப் புலவன், எழுதிக்கொடுத்த இறைவன், குற்றம் கண்டுபிடிக்கும் நக்கீரர். இதுல நக்கீரரா நடிச்சது யாருங்கறீங்க? ஏ.பி.நாகராஜனேதான்! சிவாஜிக்கு எதிரே, கடவுளாகவே இருந்தாலும் பிழை பிழைதான் என்று நிற்கும் வேடத்தை இயக்குநர் தனக்கே எடுத்துக்கொண்டார். இதே கதையை 1956-ல் 'நான் பெற்ற செல்வம்' படத்துக்குள் ஒரு நாடகமாக ஏற்கெனவே எழுதியிருந்தார். அதில் சிவனும் நக்கீரரும் ரெண்டுமே சிவாஜி. ஒன்பது வருஷம் விடாம துரத்தின கதை இது!

அதே படத்தில் ஹேமநாத பாகவதர் வருகிறார். தன்னை மிஞ்சப் பாட்டுக்காரன் இல்லை என்று பாண்டிய நாட்டுக்கே சவால் விடுகிறார். கடைசியில் ஒரு விறகுவெட்டியின் பாட்டைக் கேட்டு ராத்திரியோடு ராத்திரியாக ஊரைக் காலி செய்கிறார். டி.எஸ்.பாலையாவின் அந்த அலட்டலை இன்னிக்குப் பார்த்தாலும் சிரிப்பு வரும்.

அடுத்த வருஷமே 'சரஸ்வதி சபதம்'. கல்வியா, செல்வமா, வீரமா எது பெருசுன்னு நாரதர் கொளுத்திப்போட, மூணு தேவியரும் மோதிக்கிறாங்க. உங்க குரூப் சண்டையை அப்படியே தேவலோகத்துக்குத் தூக்கிட்டுப் போன மாதிரி இருக்கும். மூன்றும் சேர்ந்தால்தான் வாழ்க்கை என்பது படத்தின் முடிவு.

1967-ல் வந்த 'கந்தன் கருணை' முருகனின் முழுக்கதை. சிவகுமார்தான் முருகன். இசையமைப்பாளருக்கான தேசிய விருதைத் தொடங்கிய வருஷம், முதல் விருதே இந்தப் படத்துக்காக கே.வி.மகாதேவனுக்குப் போனது.

அப்புறம் வருது 1968, 'தில்லானா மோகனாம்பாள்'. கொத்தமங்கலம் சுப்பு, கலைமணி என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை. நாகஸ்வரமா, நாட்டியமா? அவன் வாசிப்புக்கு அவளால் ஆட முடியுமா? சிக்கல் சண்முகசுந்தரம் வித்தைக்காரன். வித்தையை விட அதிகம் கோபக்காரன். மோகனாவும் லேசுப்பட்டவள் இல்லை. சிவாஜியின் கைவிரல்களுக்குப் பின்னால் ஒலித்தது மதுரை சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்களின் நாகஸ்வரம். போட்டியின் உச்சத்தில் அவன் அவளை ஜெயிக்கவில்லை. அவள் கலையை ஒப்புக்கொண்டு பட்டம் தருகிறான். அந்த நேரத்தில் விஷக்கத்தி பாய்கிறது. சிறந்த தமிழ்ப் படம், சிறந்த ஒளிப்பதிவு என்று ரெண்டு தேசிய விருதுகளை வாங்கிய படம் இது.

கவனிச்சீங்களா? நாகராஜன் படங்களில் போட்டியை ஜெயிக்கிறவர்களைவிட, எதிராளியின் திறமைக்குத் தலைவணங்குகிறவர்கள்தான் உயர்ந்து நிற்கிறார்கள். நாளைக்கு உன் இடத்துக்கு யார் வருவாங்கன்னு பயந்துகொண்டே வளரும் மேடையில் இருந்தவருக்கு, அந்த ஒப்புக்கொள்ளலோட விலை தெரியாம இருக்குமா?

ஒன்பது ராத்திரி, ஒன்பது பெண்கள்

'நவராத்திரி'யை விட்டுட்டோம்னு பெரியப்பா கோவிச்சுக்கப் போறார். 1964-ல் வந்த சிவாஜியின் நூறாவது படம். ஒன்பது வேடம், ஒன்பது உணர்ச்சி. வீட்டை விட்டு வெளியேறும் நாயகி சாவித்திரி ஒவ்வோர் இரவிலும் ஒரு புது மனிதரைச் சந்திக்கிறார். சிவாஜியும் சாவித்திரியும் ஆடும் தெருக்கூத்துக் காட்சியை மட்டும் தனியா எடுத்துப் பாருங்க. நாடக மேடையில் வளர்ந்தவரால்தான் கூத்தை அவ்வளவு நேரம் நம்பிக்கையோட ஓடவிட முடியும். இந்தப் படம் பின்னாளில் சஞ்சீவ் குமார் நடிக்க இந்திக்கும் போனது.

70-கள்ல காத்து மாறுச்சு. நாகராஜனும் சும்மா இருக்கவில்லை. பெரிய ஹீரோ இல்லாமல் ஒரு சிறுவனை வைத்து 'வா ராஜா வா' எடுத்து ஜெயித்திருந்தார். 1973-ல் தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாக 'ராஜராஜ சோழன்' தந்தார். கமல் ரசிகர்களே, வளர்ந்துவந்த கமல் நடித்த 'குமாஸ்தாவின் மகள்', 'மேல்நாட்டு மருமகள்' ரெண்டும் இவர் படங்கள்தான்.

சிவாஜியின் இயக்குநராகவே அறியப்பட்டவரின் கடைசிப் படத்தில் நாயகன் எம்.ஜி.ஆர்! 1977-ல் வந்த 'நவரத்தினம்'. 'நவராத்திரி'யில் ஒரு பெண் ஒன்பது ஆண்களைச் சந்தித்தாள். இதில் ஒருவன் ஒன்பது பெண்களைச் சந்திக்கிறான். ரசிகர்கள் சிவாஜியா எம்.ஜி.ஆரானு தியேட்டர் வாசல்ல மோதிக்கிட்டு இருந்த காலத்தில், ரெண்டு பேருக்கும் படம் எடுத்துட்டுப் போனார் மனுஷன். அதே வருஷம் ஏப்ரல் 5-ல் காலமானார். வயது 49தான்.

அப்போ எது நம்பர் ஒன்?

தீர்ப்பு கேட்டீங்களே... சொல்லிடுறேன். கலை நேர்த்திக்கு 'தில்லானா மோகனாம்பாள்', நடிப்பு விருந்துக்கு 'நவராத்திரி'. ஆனா, நாகராஜன் யாருன்னு தெரிஞ்சுக்க ஒரே ஒரு படம்தான் பார்க்க முடியும்னா, 'திருவிளையாடல்' பாருங்க. தருமி சீனுக்கு ஸ்கிப் பண்ணாம, மாம்பழத்திலிருந்து தொடங்குங்க.

பழனியில் பஞ்சாமிர்தம் வாங்கியிருப்பீங்க. அதில் மாம்பழம் கிடையாது, வாழைப்பழம்தான். பேர்போனது இந்த மலைச்சரிவில் விளையும் விருப்பாச்சி ரகம். போட்டியில் கைநழுவிய பழத்துக்காக அந்தப் பிள்ளை மலையேறி நின்றான். இன்னிக்கு லட்சக்கணக்கான பேர் படியேறி வந்து பார்க்கிறது முதலிடம் பிடிச்சவனை இல்லை, அவனைத்தான்.

அதனால, உங்க லிஸ்ட்ல ரெண்டாவது இடத்துல இருக்கிற படத்தை இந்த வாரக் கடைசியில் ஒருதடவை பார்த்துடுங்க. ஞாயித்துக்கிழமை ராத்திரி லிஸ்ட் மாறியிருக்க வாய்ப்பு இருக்கு!