தலைக்கு மேல ஒரு புரொபசர்: ஆல்ஃபிரட் சாட்டர்டன்

கிளாஸ் போரடிச்சா நீங்க எங்க பார்ப்பீங்க? ஜன்னல் பக்கம் சீட் கிடைக்காதவங்க எல்லாரும் மேலதான் பார்ப்பாங்க. அடுத்த தடவை செமினார் ஹால்ல உட்காரும்போது கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. ரெண்டடிக்கு ரெண்டடி சதுரமா, சின்னச் சின்ன ஓட்டை போட்ட வெள்ளைத் தகடு இருந்தா அது மெட்டல் சீலிங். அந்த ஓட்டை அழகுக்கு மட்டும் இல்ல. சத்தம் அது வழியா உள்ள போய், பின்னாடி ஒட்டியிருக்கிற மெல்லிய துணியிலயும் பஞ்சுலயும் அடங்கிடும். ஏர்போர்ட்லயும் மால்லயும் இப்போ நீள நீளப் பட்டை, தொங்குற பேஃபில், மரம் மாதிரியே கலர் அடிச்ச பேனல்னு வந்தாச்சு. வீட்டு பால்கனிக்கும் வந்தாச்சு.

இதுல நிறைய அலுமினியம். ஏன்னு ஒரு சின்ன கணக்கு போட்டா புரியும். 600 மில்லிமீட்டர் சதுரம், 0.7 மில்லிமீட்டர் தடிமன்னு ஒரு டைல் எடுத்துக்கோங்க. அலுமினியத்துல செஞ்சா சுமார் 0.7 கிலோ. அதே அளவு பித்தளையில செஞ்சா ரெண்டு கிலோவுக்கு மேல. நூறு டைலைத் தலைக்கு மேல தொங்கவிடணும்னா எதை எடுப்பீங்க?

இந்த லேசான உலோகத்தை வச்சு ஒரு தொழிலே நடத்தலாம்னு நம்ம ஊர்ல முதல்ல செஞ்சு காட்டினவர் ஒரு இன்ஜினியரிங் காலேஜ் புரொபசர். பேரு ஆல்ஃபிரட் சாட்டர்டன். அவரோட கதையைத்தான் சொல்லப் போறேன்.

சாட்டர்டன் 1866-ல இங்கிலாந்துல பிறந்தவர். 1888-ல மெட்ராஸ் இன்ஜினியரிங் காலேஜுக்கு ஆசிரியரா வந்தார். அப்போ அவருக்கு ஏறக்குறைய நம்ம வயசு. இன்னைக்கு கிண்டியில இருக்கிற அந்தக் காலேஜ் அப்போ சேப்பாக்கத்துல இருந்தது. பாடம் நடத்தினோமா, சம்பளம் வாங்கினோமான்னு அவர் இருந்திருக்கலாம். ஆனா பத்து வருஷத்துல அவர் கவனம் பிளாக்போர்டை விட்டு ஒர்க்‌ஷாப் பக்கம் போயிடுச்சு.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில, எழும்பூர் பக்கத்துல ஓவியக் கல்லூரி இருக்கில்ல? அதோட அந்தக்காலப் பேரு ஸ்கூல் ஆஃப் ஆர்ட்ஸ். அங்க படம் வரையறது மட்டும் இல்லாம கைத்தொழிலும் சொல்லிக்கொடுத்தாங்க. 1898-ல அங்கதான் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்யற பிரிவை ஆரம்பிச்சார்.

அந்த நேரத்தைப் புரிஞ்சுக்கணும். 1886-ல அமெரிக்காவுல சார்லஸ் மார்ட்டின் ஹாலும் பிரான்ஸ்ல பால் ஹெரூவும் தனித்தனியா, மின்சாரத்தால அலுமினியம் பிரிக்கிற வழியைக் கண்டுபிடிச்சாங்க. அதுவரைக்கும் நகை மாதிரி விலை சொன்ன உலோகம் மளமளன்னு இறங்கிச்சு. இன்னொரு பக்கம் நம்ம ஊர்ல பித்தளை, செம்பு வேலை செஞ்ச குடும்பங்களுக்குப் பொழைப்பு திண்டாட்டம். வெளிநாட்டு மெஷின் சாமான் வந்து குவிஞ்சிட்டு இருந்தது. தட்டி உருவாக்கத் தெரிஞ்ச கை இருக்கு, புது உலோகமும் இருக்கு. ரெண்டையும் சேர்த்தா என்னன்னு யோசிச்சதுதான் சாட்டர்டன் செஞ்ச வேலை.

வாங்கறவங்களுக்கு என்ன லாபம்? அலுமினியத்தோட எடை பித்தளையில மூணுல ஒரு பங்குக்கும் கொஞ்சம் கம்மி. அதனால ஒரு கிலோ தகட்டுல மூணு மடங்கு பாத்திரம் கிடைக்கும். பித்தளைக்கு அப்பப்போ ஈயம் பூசணும், இதுக்கு வேண்டாம். குறையும் இருந்தது. புளி ஊத்திக் கொதிக்கவச்சா அலுமினியம் மேல இருக்கிற ஆக்சைடு படலம் அரிக்கும். சாம்பல் போட்டுத் தேய்ச்சாலும் அப்படித்தான். பித்தளையில பற்றவச்ச பழக்கமும் இங்க செல்லாது. உலோகம் 660 டிகிரியில உருகும், மேல இருக்கிற ஆக்சைடு உருக 2000 டிகிரிக்கு மேல வேணும். அதே தகட்டுக்குப் புதுப் பழக்கம் கத்துக்கணும்.

அந்தப் பிரிவு நல்லா ஓடிச்சு. இங்கதான் சாட்டர்டன் வித்தியாசமான ஒண்ணு செஞ்சார். லாபம் வருதுன்னு பிடிச்சு வச்சுக்கல. 1903-ல இந்தியன் அலுமினியம் கம்பெனிங்கிற தனியார் நிறுவனத்துக்கு ஓடுற தொழிலா அப்படியே கைமாறிச்சு. (பின்னால இண்டால்னு பேர் வாங்கின கம்பெனி வேற, குழப்பிக்காதீங்க.) அரசாங்கம் முதல்ல ரிஸ்க் எடுக்கணும், வழி தெரிஞ்சதும் விலகிக்கணும். இதுதான் அவர் வாழ்க்கை முழுக்க விடாம பிடிச்ச ஃபார்முலா.

அடுத்தது தோல். கிணத்துல தண்ணி இறைக்கிற கவலைக்குத் தோல்ல சால் வேணும். அது சீக்கிரம் மக்கிடும். குரோம் உப்புல பதப்படுத்தினா ரொம்ப நாள் தாங்கும்னு சாட்டர்டன் சோதனை பண்ணினார். மெட்ராஸ்ல குரோம் தோல் தொழில் அப்படி வேர் விட்டுச்சு. பின்னால சேம்பர்ஸ்ங்கிறவர் பல்லாவரம் பக்கத்துல குரோம் லெதர் ஃபேக்டரி கட்டினார். நீங்க டிரெயின்ல தாண்டிப் போற குரோம்பேட்டைக்குப் பேர் வந்தது அந்த ஃபேக்டரியாலதான்.

அதுக்கப்புறம் தண்ணியையே இன்ஜின் வச்சு இறைக்கப் பார்த்தார். 1900-களோட ஆரம்பத்துல அவர் ஆயில் இன்ஜின் பம்ப் வச்சுச் சோதனை பண்ணின இடங்கள்ல ஒண்ணு மெல்ரோசாபுரம். எங்கன்னு கேட்கறீங்களா? நம்ம ஒரகடம் ரோடு போய் முடியற சிங்கப்பெருமாள்கோவில் பக்கத்துலதான்.

எல்லாமே ஜெயிக்கல. சேலத்துல கைத்தறி ஃபேக்டரி ஒண்ணு நடத்தினார். வீட்டுல சொந்தத் தறியில நெய்து பழகின நெசவாளிக்கு மணியடிச்சா வரணும், மணியடிச்சா போகணும்ங்கிறது ஒத்துவரல. இன்னொரு பக்கம் மெட்ராஸ்ல இருந்த ஐரோப்பிய வியாபாரிகளுக்குக் கோபம். அரசாங்கமே கடை போட்டா நாங்க என்ன பண்றதுன்னு புகார் போச்சு. 1910-ல லண்டன்ல இந்தியாவுக்குப் பொறுப்பான அமைச்சரா இருந்த மார்லி பிரபு, அரசாங்கம் இப்படித் தொழில் நடத்தக்கூடாதுன்னு உத்தரவு போட்டார். சாட்டர்டன் தலைமை தாங்கின தொழில்துறையையே மூடிட்டாங்க.

22 வருஷ உழைப்பு ஒரு கடிதத்துல போச்சு. நம்ம புராஜெக்ட்டுக்கு கைடு ஓகே சொல்லலைன்னாலே ரெண்டு நாள் தூக்கம் வராது. அவர் 1912-ல மைசூருக்குப் போய் அதே வேலையை மறுபடி ஆரம்பிச்சார். முதல் உலகப் போர்ல சந்தனக்கட்டை ஏற்றுமதி நின்னு போனப்போ, பெங்களூர் ஐஐஎஸ்சி வேதியியல்காரங்களோட சேர்ந்து இங்கேயே எண்ணெய் எடுக்க வழி பண்ணினார். மைசூர் சந்தன சோப்போட வேர் அங்க இருக்கு. 1916-ல அமைச்ச இந்தியத் தொழில் கமிஷன்ல உறுப்பினரா உட்கார்ந்து, அரசாங்கம் தொழிலுக்குத் துணை நிக்கணும்ங்கிற பரிந்துரையில கையெழுத்துப் போட்டார். 1919-ல சர் பட்டம். 1958-ல காலமானார்.

அவரைச் சாமியாக்கிக் கும்பிடச் சொல்லல. அவர் வெள்ளைக்கார அரசாங்கத்தோட அதிகாரி. அவர் காலத்துத் தொழில்ல வடிவம் கொடுக்கிற வேலைதான் இங்க நடந்தது, அலுமினியம் கடல் தாண்டி வந்தது. இந்தியாவுல முதல் அலுமினியம் உருகினது 1943-ல, கேரளாவுல ஆலுவா பக்கத்துல அலுபுரத்துல. தமிழ்நாட்டுல மேட்டூர்ல 1965-ல. அதைப் பார்க்க அவர் இல்ல. எந்தக் கைவினைக் குடும்பங்களைக் காப்பாத்தணும்னு தொடங்கினாரோ, அவங்க சுத்தியலோட இடத்தையும் பின்னால பிரஸ் மெஷின் எடுத்துக்கிச்சு. புது உலோகம் பழைய கைக்கு வேலை தரும், அதே கைகிட்ட இருந்து வேலையைப் பறிக்கவும் செய்யும். இது ரெண்டும் உண்மைதான்.

எழும்பூர்ல அந்த ஓவியக் கல்லூரி வாசல்ல நின்னு மேற்கே பாருங்க. அதே பூந்தமல்லி ரோடு நேரா வந்து, பூந்தமல்லி தாண்டி, செம்பரம்பாக்கம் ஏரிக்கரை ஓரமா ஸ்ரீபெரும்புதூர் போகுது. இன்னைக்கு இந்தப் பக்கத்து ஷெட்டுகள்ல தகடு காயில் காயிலா வந்து இறங்குது, பஞ்ச் பண்றாங்க, மடிக்கிறாங்க, பவுடர் கோட்டிங் போடறாங்க. பிளேஸ்மெண்ட்ல நம்மள்ல பாதிப் பேர் இந்த ஷெட்டுகளுக்குத்தான் போகப் போறோம். போனதும் மெஷின் மேனுவலை மட்டும் படிச்சிட்டு நின்னுடாதீங்க. இந்தத் தகட்டுல இன்னும் யாருக்கு என்ன செஞ்சு தரலாம், வேலை போற கைக்கு அடுத்து எதைக் கத்துக்கொடுக்கலாம்னு சாட்டர்டன் கேட்ட ரெண்டு கேள்வியும் இன்னும் அப்படியேதான் இருக்கு.

பதில் தெரியலைன்னா பரவாயில்ல. கொஞ்ச நேரம் மேல பாருங்க.