இபின் பதூதா

பிறந்த ஊரின் எல்லையைத் தாண்டாமலே மக்களிற் பெரும்பாலோர் வாழ்ந்து மறைந்த காலம் ஒன்று இருந்தது. அக்காலத்தில் நீராவிக் கப்பல் இல்லை, புகைவண்டி இல்லை, செல்லும் நாட்டைக் காட்டும் செவ்விய படமும் இல்லை. அந்நாளிலேயே ஆப்பிரிக்காவின் வடமேற்கு முனையிற் புறப்பட்டு, ஒட்டகத்தின் மீதும், பாய்மரக் கப்பலிலும், கால்நடையாகவும் சீனம் வரை சென்று மீண்டார் ஒருவர். அவர்தாம் இபின் பதூதா. அவர் கடந்த தொலைவு ஒரு இலட்சம் கிலோமீட்டருக்கும் மேற்பட்டது என்று அறிஞர் கணக்கிட்டுள்ளனர்.

இபின் பதூதா மொராக்கோ நாட்டிலுள்ள தாஞ்சியர் என்னும் துறைமுக நகரில் 1304ஆம் ஆண்டு பிறந்தார். அவர் குடியினர் இசுலாமிய அறநூல்களைக் கற்று நீதிபதிகளாக விளங்கியவர்கள். அவரும் அக்கல்வியையே பயின்றார். 1325ஆம் ஆண்டு சூன் மாதத்தில், தம் 21ஆம் வயதில், மக்கா நகருக்குப் புனிதப் பயணம் செல்லும் நோக்கத்தோடு வீட்டை விட்டுப் புறப்பட்டார். உடன் செல்லத் தோழர் எவரும் இல்லை. தாயும் தந்தையும் அப்பொழுது உயிரோடிருந்தனர். அவர்களைப் பிரிவது அவருக்குப் பெருந்துயராகவே இருந்தது. ஆயினும் புறப்பட்ட கால்கள் மக்காவோடு நிற்கவில்லை. ஒருமுறை சென்ற வழியிற் கூடியவரை மறுமுறை செல்லலாகாது என்பதை ஒரு விதியாகவே அவர் மேற்கொண்டார். எகிப்து, சிரியா, பாரசீகம், ஏமன், கீழை ஆப்பிரிக்கா, துருக்கி, மத்திய ஆசியா ஆகிய நாடுகளைக் கண்டு, 1333ஆம் ஆண்டு சிந்து நதிக்கரையை அடைந்தார்.

தில்லியை அப்பொழுது ஆண்டவர் முகம்மது பின் துக்ளக். அவர் இபின் பதூதாவின் கல்வியை மதித்துக் காஜி என்னும் நீதிபதிப் பதவியை அளித்தார். பல ஆண்டுகள் தில்லியில் வாழ்ந்த பின்னர், சீனப் பேரரசரிடம் தூது செல்லும் பணி அவருக்குக் கிட்டியது. விலையுயர்ந்த பரிசுப் பொருள்களோடு அவர் கோழிக்கோட்டுத் துறையை அடைந்தார். கப்பல் ஏறுவதற்கு முன் தொழுகைக்காக அவர் கரையில் தங்கியிருந்தபோது கடல் கொந்தளித்தது. பரிசுகளை ஏற்றிய மரக்கலம் மோதி உடைந்தது. அவருடைய உடைமைகளை ஏற்றிய மற்றொரு கலம் அவரை விட்டுவிட்டுக் கடலோடிப் போயிற்று. ஒரு விரிப்பும் பத்துப் பொற்காசுகளுமே அவரிடம் எஞ்சின. வெறுங்கையோடு தில்லிக்குத் திரும்பினால் அரசரின் சினத்திற்கு ஆளாக நேரும். ஆகவே சில காலம் மேலைக் கரைத் துறைகளில் அலைந்த பின், 1343ஆம் ஆண்டின் இறுதியில் மாலத் தீவுகளுக்குக் கப்பலேறினார்.

பத்து நாள் கடற்செலவுக்குப் பின் அவர் கண்ட நாடு, அதுவரை கண்ட நாடுகள் எவற்றையும் ஒத்திருக்கவில்லை. வளையம் வளையமாகத் திரண்ட சிறு தீவுகள் கடற்பரப்பில் வரிசையாகக் கிடந்தன. அவற்றின் தொகை இரண்டாயிரம் இருக்கும் என்று அவர் மதித்தார். இன்றைய கணக்கின்படி அவை ஏறத்தாழ 1,200 ஆகும். அங்கே நெல் விளையவில்லை. தென்னையும் மீனுமே மக்களை வாழ்வித்தன. மீனை வேகவைத்துப் புகையூட்டி உலர்த்தினர். நாம் மாசிக் கருவாடு என்று கூறுவது அதுவே. தேங்காய் நாரைத் திரித்த கயிற்றால் மரக்கலங்களின் பலகைகளைத் தைத்தனர். இரும்பாணி அறைந்த கலம் பாறையில் மோதினால் பிளந்துவிடும். கயிற்றால் தைத்த கலமோ வளைந்து கொடுக்கும். இதனை இபின் பதூதா கூர்ந்து நோக்கிக் கூறியுள்ளார்.

அத்தீவுகளின் நாணயம் சோழி. கடலிலிருந்து எடுத்த சோழிகளைக் கரையிற் குழிகளில் இட்டு, உள்ளிருக்கும் ஊன் அழிந்தபின் எடுத்துப் பயன்படுத்தினர். நான்கு இலட்சம் சோழிகள் ஒரு பொற்காசுக்கு ஈடாயின. வங்காளத்து வணிகர்கள் அரிசி கொடுத்துச் சோழி வாங்கிச் சென்றனர். அந்நாட்டை அப்பொழுது ஆண்டவர் கதீஜா என்னும் அரசியார். பெண் ஒருவர் அரசு வீற்றிருப்பதை இபின் பதூதா வியப்போடு குறித்து வைத்தார்.

சட்டம் கற்ற அறிஞர் அத்தீவுகளில் அரியர். எனவே அமைச்சர் அவரைக் காஜியாக அமர்த்தினார். உயர்குடிப் பெண்களை அவர் மணந்தார். செல்வமும் செல்வாக்கும் பெற்றார். ஆனால் நீதி வழங்குவதில் கடுமையே காட்டினார். தொழுகைக்கு வாராதோரைத் தண்டித்தார். அந்நாட்டு மகளிர் தொன்றுதொட்டு உடுத்தி வந்த முறையை மாற்ற முயன்றார், அம்முயற்சியில் தோல்வியுற்றார். வேற்று நாட்டிலிருந்து வந்தவர், அந்நாட்டின் வழக்கங்களை அறியும் முன்பே அவற்றைத் திருத்தப் புகுந்ததனால் பகை வளர்ந்தது. அமைச்சருக்கும் அவருக்கும் இடையே மனக்கசப்பு முற்றியது. 1344ஆம் ஆண்டில் அவர் பதவியைத் துறந்து, மனைவியரிடம் மணவிலக்குப் பெற்றுத் தலைநகரை விட்டு நீங்கினார். அவர்களுள் ஒருத்தி அப்பொழுது கருவுற்றிருந்தாள்.

தீவு தீவாகச் சென்றுகொண்டிருந்த வழியில் மிகச் சிறிய தீவு ஒன்றை அவர் கண்டார். அதில் ஒரே ஒரு வீடு இருந்தது. அதில் நெசவாளன் ஒருவன் மனைவி மக்களோடு வாழ்ந்தான். சில தென்னைகளும், வாழைகளும், மீன் பிடிக்கவும் பிற தீவுகளுக்குச் செல்லவும் உதவும் ஒரு சிறு படகுமே அவனுடைய செல்வம். அங்கிருந்த நிலப் பறவைகள் இரண்டு காகங்கள் மட்டுமே. படகு கரையை அணுகியபோது அவை அதன் மேலே வட்டமிட்டுப் பறந்தன. மன்னர்களின் அவைகளிற் பட்டாடையும் பொன்னும் பெற்ற இபின் பதூதா, அந்த ஏழை நெசவாளனைக் கண்டு பொறாமை கொண்டார். இத்தீவு தமக்கு உரியதாக இருந்திருந்தால் இறக்கும் நாள் வரை இங்கேயே ஒதுங்கி வாழ்ந்திருக்கலாமே என்று ஏங்கினார். ஆனால் அவ்வேக்கத்தால் அவர் பயணம் நிற்கவில்லை. படகு மீண்டும் புறப்பட்டது.

சோழமண்டலக் கரையை நோக்கிச் சென்ற கப்பலைக் காற்று இலங்கைக்குக் கொண்டு சேர்த்தது. புத்தளத்தில் யாழ்ப்பாண அரசரான ஆரியச் சக்கரவர்த்தி அவரை அன்போடு வரவேற்றார். அரசர் பாரசீக மொழி அறிந்தவர். முத்துகளை விரும்பியவாறு கேட்கலாம் என்று அரசர் கூறியபோது, சிவனொளிபாத மலையைக் காண வழித்துணை ஒன்றே போதும் என்று இபின் பதூதா வேண்டினார். அரசர் பல்லக்கும், வழியறிந்த யோகிகளும், அந்தணர்களும், உணவு சுமப்போரும் கொடுத்து அனுப்பினார். பல சமயத்தாரும் புனிதமாகப் போற்றும் அம்மலையில், பாறையிற் பொருத்திய இரும்புச் சங்கிலிகளைப் பற்றி ஏறி அடிச்சுவட்டை வணங்கி மீண்டார்.

பின்னர்த் தமிழ்நாட்டுக் கரையை அணுகும்போது அவர் சென்ற கலம் புயலிற் சிக்கிச் சிதைந்தது. உயிர் தப்பிய அவர் மதுரையை ஆண்ட சுல்தான் கியாசுதீனிடம் சென்றார். சிறைப்பட்ட பெண்களையும் குழந்தைகளையும் அச்சுல்தான் கொல்வித்ததைக் கண்டு அவர் உள்ளம் வெறுப்புற்றது. அதனை மறைக்காமல் எழுதவும் செய்தார். எனினும் அதே சுல்தானோடு கலந்து, மாலத் தீவுகளைக் கைப்பற்றப் படை அனுப்பும் திட்டத்திற்கு அவர் உடன்பட்டார். தமக்குப் புகலிடம் தந்த நாட்டுக்கு அவர் நினைத்த இத்தீங்கு, அவர் வரலாற்றில் ஒரு மாசாகும். கொள்ளை நோய் பரவி, சுல்தானும் இறந்ததனால் அத்திட்டம் கைகூடவில்லை. நோயுற்ற இபின் பதூதாவும் புளிக்கரைசல் அருந்தி நலம்பெற்று மதுரையை விட்டகன்றார்.

மேலைக் கடலிற் செல்லும்போது கொள்ளையர் அவர் கலத்தைச் சூழ்ந்தனர். இலங்கை அரசர் அளித்த மணிகளும், புகாரா நகரில் எழுதிய குறிப்புகளும், உடுத்த ஆடைகளிற் பெரும்பாலானவையும் பறிபோயின. அதன் பின் அவர் மறுபடியும் மாலத் தீவுக்குச் சென்றார். அங்கே தாம் விட்டு வந்த மனைவி ஈன்ற மைந்தனைக் கண்டார். அவனை உடன் அழைத்துச் செல்ல எண்ணியே அவர் வந்திருந்தார், தடுப்பாரும் இல்லை. ஆயினும் அலைந்து திரியும் தம் வாழ்வினும் தாயின் மடியே குழந்தைக்கு நல்லது என்று தெளிந்தார். சில நாள்களில், மைந்தனை அவன் தாயிடமே விட்டுத் தனியே கப்பலேறினார்.

வங்காளம், சுமத்திரா வழியாகச் சீனம் கண்டு அவர் திரும்பினார். 1348ஆம் ஆண்டு தமஸ்கு நகரை அடைந்தபோது, தந்தையார் 15 ஆண்டுகளுக்கு முன்பே மறைந்தார் என்ற செய்தி கிடைத்தது. முன்பு அந்நகரில் அவர் விட்டுச் சென்ற மற்றொரு மைந்தனும் இறந்து 12 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1349ஆம் ஆண்டு தாயகம் வந்தபோது, அன்னையாரையும் சில மாதங்களுக்கு முன் கொள்ளை நோய் கொண்டு சென்றிருந்தது. 24 ஆண்டுகளுக்குப் பின் திரும்பியவரை வரவேற்க வீட்டில் அன்னையும் இல்லை, தந்தையும் இல்லை.

அப்பொழுதும் அவர் கால்கள் ஓயவில்லை. 1352ஆம் ஆண்டு சகாராப் பாலைவனத்தைக் கடந்து மாலி நாட்டுக்குச் சென்றார். அந்நாட்டுச் சந்தையிலும் சோழியே நாணயமாக வழங்கக் கண்டார். தீவுகளில் நான்கு இலட்சம் சோழிக்குக் கிடைத்த பொற்காசு அங்கே 1,150 சோழிக்கே கிடைத்தது. கடலில் எடுத்த சிறு சோழி பாலைவனத்துக்கு அப்பால் எத்துணை மதிப்புப் பெற்றது என்பதை இரண்டு இடங்களையும் கண்ட அவரே கூற முடிந்தது.

1354ஆம் ஆண்டு மொராக்கோ மன்னர் அபூ இனான் ஆணையிட, இபின் பதூதா தம் நினைவில் உள்ளவற்றைச் சொல்ல, இபின் ஜுசை என்னும் புலவர் எழுதினார். 1355ஆம் ஆண்டில் நூல் நிறைவுற்றது. நினைவைத் துணைக்கொண்டு கூறியதனால் ஆண்டுக் கணக்குகள் சில பொருந்தவில்லை. சில ஊர்களை அவர் நேரிற் காணவில்லை என்று கருதுவோரும் உளர். எனினும் மாலத் தீவுகளின் அந்நாளைய வாழ்வை அறிய விரும்புவோர்க்கு அவர் நூலே தலையாய சான்று. அவர் 1368 அல்லது 1369ஆம் ஆண்டில் மறைந்தார்.

ஊரும் உறவும் ஓரிடத்தில் நிலைத்த வாழ்வும் இபின் பதூதாவுக்கு வாய்க்கவில்லை. அவற்றை இழந்தே அவர் உலகைக் கண்டார். அவ்விழப்பை அவர் அறியாதவர் அல்லர் என்பதற்கு அந்த நெசவாளனின் தீவே சான்று. மன்னர்களின் செல்வத்தை விரித்துரைத்த அதே நூலில், ஒரு வீடும், ஒரு படகும், இரண்டு காகங்களும் உள்ள அத்தீவையும் அவர் மறவாமற் சேர்த்தார். அதனால் பெயரறியா அந்த நெசவாளனின் அமைதியான வாழ்வு அறுநூறு ஆண்டுகளுக்கும் மேலாக மறையாமல் நின்று வருகிறது.