திருவேற்காடு கோயிலைப் பற்றி ஒரு கொரியர் கேட்டால் என்ன சொல்வீர்கள்? 300 வருஷத்துக்கு முன்பே பதில் எழுதிய சீகன்பால்குவின் கதை

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை வரும். 1998-ல் அங்கே கார் உற்பத்தி தொடங்கியதில் இருந்து, அந்தப் பக்கம் கொரியர்கள் புதுசில்லை. கொரிய எழுத்தில் போர்டு வைத்த ஓட்டல்களை நாமே பார்த்திருப்போம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியில் வேலை பார்க்கும் பலருக்கு ஒரு கொரிய மேனேஜரோ, கொரிய க்ளையன்ட்டோ இருக்கலாம்.

கொரியாவுக்கு வேலைக்கோ படிக்கவோ கிளம்புகிறவர்கள், அந்த நாட்டைப் புரிந்துகொள்ள எந்தப் புத்தகத்தைப் படிக்கலாம் என்று தேடுகிறார்கள். நியாயமான தேடல்தான். கே-டிராமா மட்டும் பார்த்து ஒரு சமூகத்தைத் தெரிந்துகொள்ள முடியாது இல்லையா?

இப்போ கேள்வியைத் திருப்பிப் போடுவோம். ஆடி மாதத்தில் உங்கள் கொரிய சக ஊழியர் திருவேற்காடு பக்கம் டிராஃபிக்கில் மாட்டிக்கொள்கிறார். அந்த வேப்பிலை எதுக்கு, கூழ் எதுக்கு, கருமாரியம்மன் யார் என்று உங்களிடம் கேட்கிறார். எந்தப் புத்தகத்தை அவர் கையில் கொடுப்பீர்கள்?

அப்படி ஒரு புத்தகத்தை 1713-லேயே ஒரு வெளிநாட்டுக்காரர் எழுதி முடித்தார். ஆனால் அது அச்சில் வர 154 ஆண்டுகள் ஆனது. அவர் பெயர் பர்த்தலோமேயு சீகன்பால்கு.

யார் இந்த சீகன்பால்கு?

1682-ல் ஜெர்மனியின் சாக்சனி பகுதியில், புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பா, அம்மா இருவரையும் இழந்தார். உடம்பும் அடிக்கடி படுத்தும். ஹாலே நகரில் ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே என்ற மதத் தலைவரின் வழிகாட்டுதலில் படித்தார். இந்த ஃபிராங்கே பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதையில் திரும்பி வருவார்.

அந்தக் காலத்தில் தரங்கம்பாடி டென்மார்க் வசம் இருந்தது. தஞ்சை ரகுநாத நாயக்கரோடு 1620-ல் ஒப்பந்தம் போட்டு, டேனியர்கள் அங்கே கோட்டை கட்டி வியாபாரம் செய்தார்கள். அங்கே கிறிஸ்தவ மதத்தைப் பரப்ப ஆள் அனுப்ப நினைத்தார் டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடெரிக். அதற்குத் தேர்வானவர்கள் சீகன்பால்குவும், ஹென்ரிச் புளூட்சோவும். 1706 ஜூலை 9-ல் இருவரும் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார்கள். சீகன்பால்குவுக்கு அப்போ சுமார் 24 வயது. இன்று முதல் வேலையில் சேரும் ஒரு இளைஞரின் வயது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வந்த இடத்தில் வரவேற்பு சரியில்லை. மதப் பிரசாரம் வியாபாரத்தைக் கெடுத்துவிடும் என்று டேனிஷ் கம்பெனிக்காரர்களுக்குப் பயம். உள்ளூர் விதவை ஒருவரின் கடன் வழக்கில் அவருக்காகப் பரிந்து பேசப்போய், கோட்டைத் தலைவர் ஹாசியஸுடன் மோதல் முற்றியது. 1708 கடைசியில் சீகன்பால்கு சிறையில் அடைக்கப்பட்டார். சுமார் 4 மாதம் உள்ளே இருந்தார்.

தமிழை எப்படிக் கற்றுக்கொண்டார்?

ஆப் இல்லை, அகராதி கையில் இல்லை. உள்ளூர் திண்ணைப் பள்ளி வாத்தியார் ஒருவரைப் பிடித்தார். பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார்.

அதற்குப் பிறகு அவருடைய தினசரி அட்டவணை இன்றைய போட்டித் தேர்வு மாணவர்களையே மிரட்டும். காலை 7 முதல் 8 மணி வரை வார்த்தைகளை மனப்பாடம் செய்வது. 8 முதல் 12 வரை, ஒரு வயதான புலவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தமிழ் ஓலைச்சுவடிகளைப் படிப்பது. ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் கண் வலிக்கும் என்பதால், வேறொருவரைப் படிக்கச் சொல்லிக் கேட்பது.

சுவடிகளையும் தேடித் தேடிச் சேர்த்தார். சுவடி வைத்திருந்தவர்கள் இறந்துபோன வீடுகளில் விலைக்குக் கிடைக்குமா என்று ஊர் ஊராக ஆள் அனுப்பினார். 1708-ல் அவர் தயாரித்த பட்டியலில் திருக்குறள் உட்பட 119 தமிழ் நூல்கள் பற்றிய குறிப்புகள் உள்ளன. அதே வருஷம் கொன்றை வேந்தன், உலக நீதி, நீதி வெண்பா மூன்றையும் ஜெர்மனில் மொழிபெயர்த்தார்.

இங்கேதான் ஒரு திருப்பம். வந்த புதிதில் அவரும் மற்ற ஐரோப்பியர்கள் மாதிரிதான் நினைத்திருந்தார். இந்த மக்களுக்கு ஒழுங்கான மொழியோ, கல்வியோ, நீதிநெறியோ இருக்காது என்பதுதான் அந்த எண்ணம். நூல்களைப் படிக்கப் படிக்க அது உடைந்தது. தான் நினைத்தது தப்பு என்று எழுத்திலேயே ஒப்புக்கொண்டார். தமிழ் தெரியாததால்தான் ஐரோப்பியர்கள் இப்படி நினைக்கிறார்கள் என்பது அவர் வந்து சேர்ந்த முடிவு.

அந்தப் புத்தகத்தில் என்ன இருந்தது?

1711-ல் மலபாரியரின் சமயம் பற்றி ஒரு நூல். 1713-ல் தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளி பற்றி இன்னொன்று. அந்தக் காலத்து ஐரோப்பியர்கள் தமிழர்களை மலபாரியர் என்றுதான் அழைத்தார்கள். கேரளத்து மலபாரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வம்சாவளி நூலில் 4 பகுதிகள். பரம்பொருள் பற்றி முதல் பகுதி, மும்மூர்த்திகள் பற்றி இரண்டாவது, கிராம தேவதைகள் பற்றி மூன்றாவது, தேவர்கள் பற்றி நான்காவது. நமக்கு சுவாரஸ்யம் மூன்றாவது பகுதி. மாரியம்மன், எல்லம்மன், அங்காளம்மன், பிடாரி, ஐயனார் என்று ஊர் எல்லையில் இருக்கும் தெய்வங்களை எல்லாம் தனித்தனியாக எழுதியிருக்கிறார். புராணத்தை மட்டும் படித்தால் இதில் பாதிகூடக் கிடைக்காது. ஊர்க்காரர்களிடம் கேட்டால்தான் கிடைக்கும்.

கேட்பதற்கு ஒரு வழியும் வைத்திருந்தார். உள்ளூர்த் தமிழர்களுக்குக் கேள்விகளைக் கடிதமாக அனுப்பி, பதில் எழுதி வாங்கினார். கிட்டத்தட்ட இன்றைய கூகுள் ஃபார்ம் மாதிரி! 1712 முதல் 1714 வரை வந்த 99 பதில் கடிதங்கள் ஜெர்மனில் மொழிபெயர்க்கப்பட்டு ஹாலேயில் அச்சாகின. அந்தப் பதில்களில் சில நேரடியாகவே இருந்தன. கிறிஸ்தவர்கள் குடிப்பது, நடந்துகொள்ளும் விதம் எல்லாவற்றையும் தமிழர்கள் விமர்சித்திருந்தார்கள். அதையும் அவர் மொழிபெயர்த்து அனுப்பினார்.

பிறகு ஏன் 154 வருஷம் முடங்கியது?

இங்கேதான் ஃபிராங்கே திரும்பி வருகிறார். வம்சாவளி நூலின் கையெழுத்துப் பிரதி ஹாலே போய்ச் சேர்ந்தது. ஆனால் அச்சாகவில்லை. மிஷனரிகளை அனுப்பியது அந்த மதத்தை வேரோடு அகற்றத்தான், அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்ப இல்லை என்பது ஃபிராங்கேயின் நிலைப்பாடு. பிரதி அப்படியே கிடப்பில் போனது.

இதே நேரத்தில் கொரியா கதையையும் பார்த்துவிடலாம். 1653-ல் ஹென்ட்ரிக் ஹாமெல் என்ற டச்சுக் கப்பல் கணக்கர், ஜப்பான் போகும் வழியில் புயலில் சிக்கி கொரியாவின் ஜெஜு தீவில் ஒதுங்கினார். 13 வருஷம் அவரை வெளியே விடவில்லை. 1666-ல் தப்பித்தார். சம்பள பாக்கியைக் கேட்டு கம்பெனிக்கு எழுதிய அறிக்கை 1668-ல் புத்தகமாகவே வந்துவிட்டது. கொரியாவை மேற்குலகுக்கு அறிமுகப்படுத்திய முதல் நூல் அது. சம்பள பாக்கிக்காக எழுதியது உடனே அச்சானது. ஒரு சமூகத்தைப் புரிய வைக்க எழுதியது அலமாரிக்குப் போனது.

1867-ல் வில்ஹெல்ம் ஜெர்மான் என்பவர் சில மாற்றங்களோடு வம்சாவளி நூலை நம்ம சென்னையில்தான் அச்சிட்டார். 1869-ல் ஆங்கிலத்தில் வந்தது. 1711-ல் எழுதிய நூலோ 1926 வரை காத்திருந்தது. கொன்றை வேந்தன் மொழிபெயர்ப்புக்கு 1930 ஆனது.

அச்சகம் கொண்டுவந்தவர் இவர்தானே?

பலருக்கு சீகன்பால்கு என்றால் அச்சகம்தான் நினைவுக்கு வரும். அதில் ஒரு சின்னத் திருத்தம். தமிழின் முதல் அச்சு நூல் இவருடையது இல்லை. 1578-லேயே கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சாகிவிட்டது. பிற்பாடு நின்றுபோன தமிழ் அச்சுக்குத் தரங்கம்பாடியில் மறுபடி உயிர் கொடுத்தவர் என்பதே சரி. லண்டனில் இருந்து அச்சு இயந்திரமும், ஹாலேயில் இருந்து தமிழ் எழுத்துகளும் வந்தன. 1715-ல் புதிய ஏற்பாடு முழுசாகத் தமிழில் அச்சானது. காகிதத் தட்டுப்பாட்டைச் சமாளிக்கப் பக்கத்தில் பொறையாறில் ஒரு காகித ஆலையும் தொடங்கினார்கள்.

இடையில் ஐரோப்பா போனவர், தமிழ் இலக்கணத்தை லத்தீனில் எழுதி 1716-ல் ஹாலேயில் அச்சிட்டார். திருமணம் செய்துகொண்டு அதே வருஷம் தமிழகம் திரும்பினார். 1718-ல் தரங்கம்பாடியில் புதிய எருசலேம் தேவாலயத்தைக் கட்டி முடித்தார். 1719 பிப்ரவரி 23-ல் இறந்தபோது அவருக்கு வயது 36. அந்தத் தேவாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் நடுநிலையானவரா?

இல்லை. அதை மறைக்கத் தேவையில்லை. அவர் வந்ததே மதம் மாற்றத்தான். நம் தெய்வங்களை அவர் நம்பவில்லை, அந்த வழிபாடு தவறு என்றே கடைசி வரை கருதினார். அவர் எழுத்தில் அந்தப் பார்வை தெரியும். படிக்கும்போது அதைக் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனாலும் அவர் நூல் இன்றும் ஏன் மதிக்கப்படுகிறது? தனக்குப் பிடிக்காததையும் விசாரித்து, கிடைத்த பதிலை விட்டுவிடாமல் பதிவு செய்தார். 1713-ல் ஒரு சாதாரணத் தமிழர் எந்தச் சாமியை எப்படிக் கும்பிட்டார் என்பதைத் தெரிந்துகொள்ள ஆய்வாளர்கள் இன்றும் அவரைப் புரட்டுகிறார்கள். மூலப் பிரதியை அடிப்படையாகக் கொண்ட புதிய ஆங்கில மொழிபெயர்ப்பு 2005-ல் வந்திருக்கிறது.

சரி, நமக்கு இதில் என்ன?

அந்தப் புத்தகத்தை சீகன்பால்கு தனியாக எழுதவில்லை. மணலில் எழுதச் சொல்லிக்கொடுத்த வாத்தியார், அவர் மகன் கணபதி, போர்த்துகீசியம் உட்பட ஐரோப்பிய மொழிகள் தெரிந்த துபாஷி அழகப்பன், சுவடி படித்த புலவர், கடிதம் எழுதிய ஊர்க்காரர்கள் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். அந்த 99 கடிதங்களில் பெரும்பகுதியை அழகப்பனே எழுதியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அட்டையில் மட்டும் ஒரே பெயர்.

ஒரு ஊரைப் பற்றி வெளிநாட்டுக்காரர் எழுதும் நல்ல புத்தகத்துக்குப் பின்னால், பொறுமையாகப் பதில் சொன்ன உள்ளூர்க்காரர் ஒருவர் இருப்பார். கொரியா பற்றிப் புத்தகம் தேர்ந்தெடுக்கும்போதும் இதைப் பார்க்கலாம்: எழுதியவருக்கு அந்த மொழி தெரியுமா? யாரிடம் கேட்டு எழுதியிருக்கிறார்? தான் நினைத்தது தப்பு என்று எங்கேயாவது ஒப்புக்கொள்கிறாரா?

அடுத்த ஆடியில் உங்கள் கொரிய நண்பர் அந்த வேப்பிலையைப் பற்றிக் கேட்டால், விக்கிபீடியா லிங்க்கை ஃபார்வர்டு செய்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவேற்காடு கூட்டிப்போங்கள். உங்களுக்கே பதில் தெரியாவிட்டால், வீட்டில் பாட்டியிடம் கேளுங்கள். சீகன்பால்குவும் அப்படித்தான் ஆரம்பித்தார், தெரிந்தவர்களிடம் கேட்டு.